சீமைக்கருவேலத்துக்குள் பழைய போர்வெல்: டிடெக்டர் வைத்துத் தேட நிலத்தை எப்படி வெட்டுவது?

வைகைக்கரை:
பரமக்குடி பக்கம் எங்கள் தாத்தா நிலம், பல வருடமாகத் தரிசு. சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. உள்ளே எங்கேயோ பழைய போர்வெல் இருக்கிறது. மோட்டாரை எடுத்த பிறகு வாயை மூடினார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. மெட்டல் டிடெக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது, ஆனால் முள்ளுக்குள் அதை நீட்டவே இடமில்லை. ஜேசிபி விட்டு வேரோடு தள்ளிவிடலாமா?

களத்துமேடு:
இப்போதைக்கு ஜேசிபி வேண்டவே வேண்டாம் தம்பி. பக்கெட் பட்டால் கேசிங் குழாய், அதாவது போர்வெல் துளைக்குள் இறக்கிய குழாய், நசுங்கும், மேலே மண் மூடிவிடும். வேர் பிடுங்கிய நிலம் குண்டும் குழியுமாகிவிட்டால் டிடெக்டர் வட்டைத் தரையை ஒட்டி வீசவும் முடியாது. ஆள் விட்டு, அரிவாளால் தரை மட்டத்துக்கு வெட்டுங்கள். கட்டை அரை அடி நின்றால் வட்டும் அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும், மண்ணுக்குள் அது எட்டும் ஆழத்தில் அந்த அரை அடி நஷ்டம். முள்ளைக் கவைக்கம்பால் ஒதுக்கிச் சருகையும் வாருங்கள். சருகுக்குள் விரியன் கிடக்கும், பூட்ஸ் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்.

கேசிங் இரும்பா, பிவிசியா? பிவிசி என்றால் டிடெக்டருக்குத் தெரியாது.

வைகைக்கரை:
இரும்புதான் என்கிறார் சித்தப்பா. மோட்டார் ரூம் இருந்த இடத்தில் செங்கல் தெரிகிறது அண்ணே. முள்வேலிக் கம்பியும் சிதறிக் கிடக்கிறது.

பம்புசெட்:
அப்படியானால் முழு நிலத்தையும் வெட்டிச் செலவழிக்காதீர்கள், மோட்டார் ரூமைச் சுற்றித் தொடங்குங்கள். கம்பி, ஆணி எல்லாவற்றையும் முதலில் பொறுக்குங்கள், இல்லாவிட்டால் அடிக்கு அடி கத்தும். கம்பி என்றால் சத்தம் ஒரு பக்கமாக நீண்டுகொண்டே போகும். நட்டுக்குத்தாக நிற்கும் குழாய் அப்படியில்லை, எந்தத் திசையிலிருந்து வீசினாலும் அதே இடத்தில் பலமாகக் கத்தும்.

வெட்ட வருபவர்களிடம் குழி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீளக் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே முன்னேறட்டும். 2019-இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. அதனால் கண்டுபிடித்த அன்றே இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள், கல்லைத் தூக்கி வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

ஊருணி:
தோண்டும்போது பழைய காசு, நகை ஏதாவது கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வைகைக்கரை:
சரி, ரூம் பக்கம் வெட்டச் சொல்லிவிட்டேன். அடிக்கட்டை மறுபடி தழைக்காதா?

களத்துமேடு:
தழைக்கும், அதுவும் வேகமாக. போர்வெல்லை மூடி, சுற்றிலும் கல் ஊன்றி அடையாளம் வைத்த பிறகு ஜேசிபியைக் கூப்பிட்டு வேரோடு எடுத்துவிடுங்கள்.