வயலை மூடுகிறார்கள், ஆட்சேபனை எழுத உதவி தேவை
வணக்கம் உறவுகளே. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து பாதுக்கைப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் குடிவந்து ஆறு வருடம். இப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள வயலை மூடி வீட்டுத்திட்டம் கட்டப் போகிறார்களாம். இரவு பத்து மணிக்குப் பிறகுதான் டிப்பர் வருகிறது. கொட்டிய செம்மண்ணில் வாய்க்கால் பாதி அடைபட்டுவிட்டது. போன வாரம் பெய்த ஒரேயொரு மழைக்குப் பக்கத்து வீட்டு ஆச்சியின் கிணறு கலங்கிப்போய், பாவம், குடிக்கிற தண்ணீரை எங்கள் வீட்டிலிருந்துதான் கொண்டுபோகிறார்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. ஆட்சேபனைக் கடிதத்தைச் சிங்களத்தில் யாராவது எழுதித் தருவீர்களா? காணி விடயம் தெரிந்த சட்டத்தரணி இருந்தாலும் சொல்லுங்கள். திகதியோடு படங்கள் வைத்திருக்கிறேன். நேற்றிரவும் நான்கு லோட் கொட்டினார்கள், தயவுசெய்து சுணக்காதீர்கள்.