ஊட்டியில் கூரை போட்ட நீச்சல்குளம்: தேவையா, தண்டச்செலவா?

குன்னூர் டீச்சர்:

வெதுவெதுப்பான தண்ணீரோடு, நான்கு சுவரும் கூரையும் உள்ள ஒரு பொது நீச்சல்குளம் ஊட்டிக்கு வேண்டும் என்று ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கலெக்டரிடம் கொடுக்கும் முன் இங்கே கருத்து கேட்கலாம் என்று தோன்றியது.

என் காரணம் ஒன்றுதான். நம் மலைப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு நீச்சல் தெரியாது. கீழ்நாட்டில் கிணறோ வாய்க்காலோ இருக்கும், அப்பாவோ மாமாவோ இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிடுவார்கள். இங்கே தண்ணீர் எலும்பைக் கடிக்கிறது. ஊட்டி ஏரியில் கழிவுநீர், அணைகளில் இறங்கத் தடை. அப்புறம் பரீட்சை முடிந்த கையோடு பையன்கள் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போய் பவானியில் இறங்குகிறார்கள். பில்லூர் அணையில் மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறந்தால் ஆற்றில் மட்டம் மளமளவென்று ஏறும். அந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும், நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. எங்கே வைத்துக் கற்றுக்கொடுப்பது?

கோடப்பமந்து வாசி:

டீச்சர், உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நான் எதிர்க்கிறேன். மார்ச், ஏப்ரலில் எங்கள் தெருவில் குழாயடியில் குடம் வரிசை கட்டி நிற்கும். குடிக்கத் தண்ணீர் தட்டுப்படும் ஊரில் லட்சக்கணக்கான லிட்டரைத் தொட்டியில் நிரப்பி அதில் குளிப்பது நியாயமா? அதோடு, நம் ஊரில் எதையும் கட்டுவார்கள், திறப்பார்கள், ரிப்பன் வெட்டுவார்கள். மூன்றாம் வருஷம் மோட்டார் ரிப்பேர் என்று பூட்டு தொங்கும். கடைசியில் இதுவும் சீசனுக்கு வரும் டூரிஸ்டுக்குத்தான் போய்ச் சேரும்.

மெஷின் ரூம்:

டீ ஃபேக்டரியில் டிரையர் ஹீட்டர் பக்கம் வேலை பார்த்தவன் நான். இப்போது ஒரு ஓட்டல் குளத்தின் பம்ப், ஃபில்டரைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் கணக்கில்லாமல் பேசுவதால் எழுதுகிறேன்.

25 மீட்டர் நீளம், 12.5 அகலம், சராசரி 1.4 ஆழம் என்றால் சுமார் 4.4 லட்சம் லிட்டர். தினமும் கொட்டிவிட்டு நிரப்புவதில்லை, அதே தண்ணீர்தான் ஃபில்டரில் சுற்றும். புதிதாகச் சேர்ப்பதற்கு ஜெர்மன் தரவிதியில் ஒரு கணக்கு உண்டு: குளிக்க வரும் ஆளுக்கு 30 லிட்டர். நாளைக்கு 200 பேர் வந்தால் 6,000 லிட்டர், ஆவியாகிப் போவது ஒரு ஆயிரம். நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர் அளவுகோல். அப்படிப் பார்த்தால் 7,000 லிட்டர் என்பது ஐம்பது பேர் புழங்கும் தண்ணீர். குளிக்கும் முன் ஷவருக்கு ஆகும் தண்ணீர் இதற்கு மேலே. சின்ன அளவு என்று சொல்லவில்லை. ஆனால் ஊரை வறட்சியில் தள்ளும் அளவும் இல்லை.

பயப்பட வேண்டியது சூட்டுக்கு. இந்தத் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 510 யூனிட் சூடு வேண்டும். 15 டிகிரியிலிருந்து 27க்குக் கொண்டுபோக 6,100 யூனிட். அது நிரப்பும்போது மட்டும். தினசரிப் பணத்தைத் தின்பது ஆவி. ஒரு லிட்டர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 0.68 யூனிட் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், ஆக ஆயிரம் லிட்டருக்கு 680 யூனிட். வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து, ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு தரும் ஹீட் பம்ப் போட்டால் நாளைக்கு 230 யூனிட் கரண்ட். உள்ளே காற்றைச் சூடாக்குவது தனி. சமவெளியில் அதே ஹீட் பம்ப் இன்னும் நன்றாக வேலை செய்யும். இங்கே ஜனவரி ராத்திரி வெளியே இருக்கும் காயிலில் பனி கட்டிவிடும், அதை உருக்கவே கொஞ்சம் சூடு போகும். ராத்திரி குளத்தின் மேல் ஷீட்டை இழுத்து மூடினால் அந்த நேரத்து ஆவி பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டு ஆள், பத்து நிமிஷ வேலை. அதைச் செய்யாத இடத்தில்தான் பில் எகிறும்.

கூரை பற்றி யாரும் பேசவில்லை. வெளியே 5 டிகிரி, உள்ளே 29 டிகிரி ஈரக்காற்று. தகரத்தில் பட்டதும் சொட்டச் சொட்ட நிற்கும். அந்த ஈரத்தில் குளோரின் சேர்ந்திருக்கும், போல்ட்டைக் கையில் தேய்த்தால் துரு பொடியாக உதிரும். 1985ல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் என்ற ஊரில் நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து விழுந்து 12 பேர் செத்தார்கள். அதைத் தூக்கிப் பிடித்திருந்தது துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். அதையே குளத்துக் காற்று அரித்துவிட்டது. ஆகவே காற்றோட்ட மெஷினுக்குப் பணம் ஒதுக்காமல் கட்டுவதென்றால் கட்டவே வேண்டாம்.

கோத்தகிரி டு பெர்லின்:

மெஷின் ரூம் அண்ணா சொன்னது அத்தனையும் சரி. படிப்புக்காகப் பெர்லினில் இருந்தபோது பொதுக்குளங்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். நோய்கோல்ன் பகுதியில் 1914ல் திறந்த ஒரு குளம் இன்னும் ஓடுகிறது. கல் தூண்கள், மொசைக் சுவர், உள்ளே நுழைந்தால் பழைய அரண்மனை போல இருக்கும். வீட்டில் குளியலறை இல்லாத தொழிலாளிக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி அது. குளிப்பதற்கான தொட்டி அறைகளும் சேர்த்தே கட்டினார்கள். பணக்காரர்களுக்கான இடமாக அது தொடங்கவே இல்லை.

அங்கே முதலில் கற்றுக்கொண்டது சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது. குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் மருந்து அதிகம் என்று நினைக்கிறோம். குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் அந்த வாடை. கண் எரிச்சலும் இருமலும் அதனால் வருபவை. மூடிய கூடத்துக்குள் அது வெளியேற வழி கிடையாது. எல்லாரும் ஒழுங்காகக் குளித்துவிட்டு வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கோடப்பமந்து வாசி:

தம்பி, பெர்லினிடம் வரிப்பணம் இருக்கிறது. டிக்கெட் காசில் மட்டும் அங்கே குளம் ஓடுகிறதா?

கோத்தகிரி டு பெர்லின்:

இல்லை அண்ணா, நகர அரசு மானியம் கொடுக்கிறது. 2022ல் எரிவாயு விலை ஏறியபோது ஜெர்மனியில் பல ஊர்களில் குளத்துச் சூட்டையே குறைத்தார்கள். நஷ்டம்தான். நூலகமும் நஷ்டத்தில்தான் ஓடுகிறது, அதற்காக யாரும் மூடச் சொல்வதில்லையே.

கேத்தி அம்மா:

டீச்சரம்மா, எனக்கு மூட்டு வலி. தண்ணீரில் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. கோயம்புத்தூருக்கா போய்வர முடியும்? பெண்களுக்கென்று தனி நேரம், பெண் பயிற்சியாளர், நல்ல உயரமான சுவர், இதையும் மனுவில் போடுங்கள். திறந்தவெளிக் குளம் என்றால் எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்ணும் இறங்க மாட்டாள். அதற்காகவாவது கூரை வேண்டும்.

மலை ஓட்டக்காரன்:

கட்டுவதே என்றால் 50 மீட்டராகக் கட்டுங்கள். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரத்தின் உயரம் சுமார் 2,240 மீட்டர், ஊட்டியும் அதே உயரம்தான். அந்த ஒலிம்பிக்குக்குத் தயாராகவே பிரான்ஸ் 1,850 மீட்டர் உயரத்தில் ஃபோன் ரோமூவில் பயிற்சி மையம் கட்டியது. ஸ்பெயினின் சியரா நெவாடாவில் 2,320 மீட்டரில் கூரை போட்ட 50 மீட்டர் குளமே இருக்கிறது, பல நாட்டு நீச்சல்காரர்கள் வருகிறார்கள். உயரத்தில் உழைத்தால் ரத்தத்தில் சிவப்பணு கூடும். நம் நாட்டு வீரர்கள் எதற்கு வெளிநாடு போக வேண்டும்? வாடகையாக வரும் பணத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுக்கலாம்.

மெஷின் ரூம்:

50க்கு 25, ஆழம் 2 மீட்டர் என்றால் 25 லட்சம் லிட்டர். நான் சொன்னதைப் போல ஆறு மடங்கு. கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதை முதலில் எழுதி வையுங்கள்.

குன்னூர் டீச்சர்:

ஓட்டக்காரத் தம்பி, வீரர்கள் வந்தால் எனக்கும் பெருமைதான். ஆனால் அப்படிக் கட்டினால் அது வீரர்களின் குளமாகத்தான் இருக்கும். இரண்டு மீட்டர் ஆழத்தில் ஏழு வயதுப் பிள்ளையை நான் எப்படி நிற்கவைப்பது? எனக்கு வேண்டியது மார்பளவுத் தண்ணீர்.

சரிவைப் பாருங்கள்:

எங்கே கட்டுவீர்கள்? 4.4 லட்சம் லிட்டர் என்றால் 440 டன். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து எத்தனை வீடு போயிற்று என்று மறந்துவிட்டதா? சரிவில் தொட்டி கட்டி, அதில் ஒரு விரிசல் விட்டு மண்ணுக்குள் தண்ணீர் இறங்கினால் கீழே இருப்பவர்கள் கதி என்ன? கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு வேறு இருக்கிறது. சமதளம் என்று பார்த்தால் 2024ல் அரசு திரும்ப எடுத்த குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது. ஆனால் அது பள்ளம். பெருமழையில் தண்ணீர் வந்து தேங்க வேண்டிய இடம், அங்கே கான்கிரீட் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏற்கனவே கட்டடம் நிற்கும் இடமாக, பழைய குடோனோ மூடிய ஃபேக்டரியோ கிடைத்தால் பேசலாம்.

மெஷின் ரூம்:

மூடிய டீ ஃபேக்டரி நல்ல யோசனை. தளம் கனமான மெஷினைத் தாங்கியது, தண்ணீர் லைன், மூன்று ஃபேஸ் கரண்ட் எல்லாம் இருக்கும். பக்கத்தில் ஓடுகிற ஃபேக்டரி ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. டிரையர் ஹீட்டர் புகைபோக்கியில் வீணாகப் போகும் சூட்டில் கொஞ்சம் தண்ணீரைச் சூடாக்கலாம். ஆனால் அந்தத் தகரக் கூரை அப்படியே இருக்கக் கூடாது. உள்பக்கம் முழுக்க இன்சுலேஷன் போட்டாக வேண்டும், போல்ட்டெல்லாம் மாற்ற வேண்டும்.

கோடப்பமந்து வாசி:

ஊட்டி டவுனில் வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. குன்னூர், கோத்தகிரி பக்கம், உயரம் குறைந்த இடத்தில், 25 மீட்டருக்கும் சின்னதாக, பிள்ளைகள் கற்கும் குளமாக வந்தால் எதிர்க்க மாட்டேன். மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும். ஷவருக்கும் கழிவறைக்கும் மழைநீர்த் தொட்டி. ஐந்து வருஷப் பராமரிப்புப் பணம் தனிக் கணக்கில். ஏப்ரல், மே மாதங்களில் டூரிஸ்டுக்கு டிக்கெட் கிடையாது.

குன்னூர் டீச்சர்:

பள்ளி லீவு விடுவதே அந்த இரண்டு மாதம்தான், மூன்றாவதை முதல் வரியாகவே போடுகிறேன். 20 மீட்டர் எனக்குப் போதும். தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையான வருஷம் குளத்தை மூட வேண்டும் என்று நீங்கள் கேட்டால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன், கற்றுக்கொள்ளும் வயது பிள்ளைக்குத் திரும்ப வராது. மெஷின் ரூம் அண்ணா, 20க்கு 8, ஆழம் 0.9லிருந்து 1.2 வரை என்று வைத்து அந்தக் கணக்கை இன்னொரு தடவை போட்டுத் தருகிறீர்களா? மனுவோடு சேர்த்து வைக்கிறேன்.