காம்பவுண்டு சுவர் பூரா செகப்பு மரவட்டை, இது என்ன வகை?

மாடித்தோட்டம்_தாம்பரம்:
எல்லாருக்கும் வணக்கம். வீடு மேற்கு தாம்பரம், தரைத்தளம். ஒரு வாரமா விட்டு விட்டு மழை. நேத்து காலைல கதவைத் தொறந்தா காம்பவுண்டு சுவர் பூரா மரவட்டை, நாப்பது வரைக்கும் எண்ணினேன் அப்புறம் விட்டுட்டேன். நல்ல செங்கல் கலர், ஒரு விரல் நீளம், தொட்டா சுருண்டு காசு மாதிரி ஆயிடுது. பாத்ரூம் வரைக்கும் வந்துடுச்சு. அம்மா முறத்துல அள்ளி அள்ளி வெளில கொட்டுறாங்க, அது திரும்ப நடந்து வருது. என் பையனுக்கு நாலு வயசு, ரயில் பூச்சி ரயில் பூச்சின்னு ரெண்டு மூணை கைல புடிச்சு வெச்சிருந்தான், பாத்தா விரல்ல பழுப்பா கறை, சோப்பு போட்டும் போகல. இது விஷமா? காதுக்குள்ள போயிடும்னு பக்கத்து வீட்டு ஆயா பயமுறுத்துறாங்க. எங்க ஊரு திண்டிவனம் பக்கம், அங்க சின்ன வயசுல பாத்ததெல்லாம் கருப்பா பெருசா இருக்கும், இந்த செகப்பு எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல.

பெருங்களத்தூர்_ரவி:
கல்லுப்பு தூவி விடுங்க சார், பத்து நிமிஷத்துல காலி.

மண்ணுக்காரன்:
ரவி, உப்பெல்லாம் வேணாம், செடி மண்ணு கெட்டுடும்.

சார், நீங்க சொல்ற கலரையும் அளவையும் வெச்சுப் பாத்தா அது அநேகமா ட்ரிகோனியூலஸ் கோரலினஸ், அது அறிவியல் பேரு, நாம செம்மரவட்டைன்னு வெச்சுக்கலாம். நம்ம ஊரு சரக்கே கிடையாது. தென்கிழக்கு ஆசியா, மியான்மர் தாய்லாந்து அந்தப் பக்கம்தான் பூர்வீகம்னு சொல்றாங்க. தொட்டி மண்ணு, நர்சரி செடி, எரு இதுலயே முட்டையும் குஞ்சுமா சவாரி பண்ணி இந்தியா, இலங்கை, தைவான், கரீபியன் தீவு, பிரேசில்னு சூடான ஊரா பாத்து செட்டில் ஆயிடுச்சு. அமெரிக்கால ஃப்ளோரிடாவுக்கும் போயிடுச்சு, அதைப் பத்தி 2006லயே ஆராய்ச்சிக் கட்டுரை வந்துருக்கு. அதனாலதான் சிட்டில இவ்ளோ, மனுஷன் தொட்டி வெச்சு, இலையைக் குவிச்சு, தண்ணி ஊத்துற இடம்தான் அதுக்கு சொர்க்கம்.

இப்ப பையனுக்காக உடம்பு விஷயம் சொல்றேன், ஒண்ணை கண்ணாடி டம்ளர்ல போட்டு அடிப்பக்கமா பாக்கச் சொல்லுங்க. ஆயிரங்கால்னு பேருதான், இதுக்கு இருநூறுக்கு முன்ன பின்னதான் கால். ஒவ்வொரு வளையத்துக்கும் ரெண்டு ஜோடி, ஏன்னா ரெண்டு வளையம் ஒட்டி ஒண்ணா ஆனதுதான் நாம பாக்குற ஒரு வளையம். ஆனா தலைக்குப் பின்னாடி இருக்குற கழுத்துப்பட்டைல கால் கிடையாது, அடுத்த சில வளையத்துல ஒரு ஜோடிதான், அதுக்கப்புறம்தான் ரெண்டு ரெண்டு. கடைசி வளையத்துலயும் கால் இல்ல. கால் ஒண்ணா அசையாது, அலை மாதிரி போகும், பின்னாடி இருந்து முன்னாடி ஓடுற மாதிரி தெரியும், அதான் ரயிலுன்னு பேரு வந்துச்சு போல. பொறக்கும்போது மூணு ஜோடி கால்தான் சார்! ஒவ்வொரு தோல் உரிப்புக்கும் வாலுக்கு முன்னாடி புதுசா வளையம் சேரும், கால் கூடிட்டே போகும். தோல் உரிக்கிறப்ப மண்ணுக்குள்ள ஒரு குழி பண்ணி ஒளிஞ்சுக்கும்.

ஆண் பெண் கண்டுபிடிக்கணும்னா ஏழாவது வளையத்தைப் பாக்கணும். ஆணுக்கு அந்த இடத்துல கால் விட்டுப் போன மாதிரி இடைவெளி இருக்கும், அங்க இருந்த ரெண்டு ஜோடி காலும் இனப்பெருக்க உறுப்பா மாறி உள்ள மடங்கிடும். பெண்ணுக்கு வரிசை விடாம இருக்கும். ஆராய்ச்சிக்காரங்க பல மரவட்டையை இது இன்ன வகைன்னு உறுதியா சொல்றதே இந்த உறுப்போட வடிவத்தை வெச்சுதான், கலரை நம்ப மாட்டாங்க.

கறை விஷயம். முன்னாடி சில வளையத்தை விட்டு மத்த வளையத்துல பக்கத்துக்கு ஒண்ணா சின்ன துவாரம் இருக்கும், பயந்தா அது வழியா ஒரு திரவம் விடும், பென்சோகுவினோன்னு ஒரு ரசாயன வகை, மோந்து பாத்தா டிங்சர் வாசம். தோலுல பழுப்பா புடிச்சுக்கும், சில நாள்ல தானா போயிடும். கடிக்காது, கொட்டாது. கண்ணுல பட்டா மட்டும் பயங்கர எரிச்சல், அதனால பையன் கையைக் கழுவாம கண்ணைக் கசக்காம பாத்துக்கோங்க. பட்டுட்டா நல்ல தண்ணில அலசிட்டு டாக்டரைப் பாத்துடுங்க.

மழைக்கு ஏன் வருதுன்னா, அடிப்பக்கம் கால் கிட்ட மூச்சுத் துளை, அதை இறுக்கி மூடுற வசதி சரியா கிடையாது. மண்ணு ஊறிப் போனா மூச்சு முட்டும், அதான் சுவர் ஏறுது. வெயில் வந்தாலும் ஆகாது, பூச்சிங்களுக்கு இருக்குற மாதிரி மெழுகுப் பூச்சு இல்லாததால சீக்கிரம் வத்திப் போயிடும். தண்ணியும் வேணும், தண்ணியில மூழ்கவும் கூடாது, பாவம்.

ஜூரோங்_செல்வி:
சிங்கப்பூர்லயும் இதே ஆளுதான், எங்க ப்ளாக்குக்குக் கீழ நடைபாதைல மழை விட்டா வரிசையா போகும், பாதி மிதிபட்டுக் கிடக்கும். அதைப் பூரான்னு நெனச்சு ஓடுறவங்க நிறைய பேரு. பூரான் தட்டையா இருக்கும், வளையத்துக்கு ஒரே ஜோடி கால், வேகமா ஓடும், கடிக்கும். இது உருண்டை, நிதானம்.

மாடித்தோட்டம்_தாம்பரம்:
மண்ணுக்காரன் அண்ணே ரொம்ப நன்றி, டம்ளர்ல போட்டுப் பாத்தோம், ஏழாவது வளையம் எண்ணுறதுக்குள்ள அது சுருண்டுக்குது, நாலாவது தடவதான் ஒண்ணு மாட்டுச்சு, இடைவெளி தெரிஞ்சுது! பையன் அதுக்கு மாமான்னு பேரு வெச்சுட்டான். சரி, ஊர்ல பாத்த கருப்பு என்ன? ஆயிரம் கால் நெஜமாவே எதுக்கும் கிடையாதா?

மண்ணுக்காரன்:
கருப்பு பெருசு வேற வகையா இருக்கும், போட்டோ பாக்காம பேரு சொல்ல முடியாது. ஆயிரம் கால் உண்டு, மேற்கு ஆஸ்திரேலியால 60 மீட்டர் ஆழத்துல துளை போட்ட இடத்துல கிடைச்சுது, 1306 கால், கண்ணே கிடையாது, 2021ல யூமில்லிபிஸ் பெர்செபனின்னு பேரு வெச்சாங்க.

கீத்துக்கொட்டாய்:
எங்க பாட்டி வீடு கூரை வீடு, மழைக்காலத்துல கீத்துல இருந்து மரவட்டை சோத்துலயே விழும்னு சொல்லுவாங்க, நான் கதைன்னு நெனச்சேன். அப்புறம்தான் படிச்சேன், ஸீனோபோலஸ் கார்னிஃபெக்ஸ்னு ஒண்ணு, இது தென்னிந்தியா இலங்கையோட சொந்தப் பிள்ளை, கூரைல குடியிருக்குறதுக்கே பேரு போனது. கூரை போயி கான்கிரீட் வந்துச்சு, அதோட வீட்டையும் சேத்துப் புடுங்கிட்டோம். வெளியூர்க்காரன் தொட்டில வந்து இறங்கிட்டான் 😀

பெருங்களத்தூர்_ரவி:
எல்லாம் சரி சார், ஆனா பாத்ரூம்ல வர்றத என்ன பண்றது, அதையும் சொல்லுங்க, உப்பும் வேணாம்னுட்டீங்க.

மண்ணுக்காரன்:
மருந்து அடிச்சா நாப்பது சாகும், இலைக்குவியல் அங்கயே இருந்தா அடுத்த மழைக்கு இன்னொரு நாப்பது வரும். சுவர் ஓரம் ஈர இலை, தேங்கா மட்டை, பழைய சாக்கு, தொட்டிக்கு அடியில தேங்குற தண்ணி இதெல்லாம் எடுத்து வீட்டுல இருந்து தள்ளி ஒரு மூலைல குவிங்க. கதவு அடிச் சந்தை அடைங்க, பாத்ரூம் ஜாலிக்கு கொசுவலைத் துண்டு போதும். அந்த மூலைல அதை விட்டுடுங்க, இலையைத் தின்னு எருவாக்கித் தரும். பிரேசில்ல எம்ப்ராபான்னு அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிறுவனம், இதே செம்மரவட்டையை வெச்சுதான் மண்புழு உரம் மாதிரி மரவட்டை உரம் போடுறாங்க, மண்புழு சீண்டாத காஞ்ச இலை குச்சி அட்டைப்பெட்டியக்கூட தின்னுடும்.

மாடித்தோட்டம்_தாம்பரம்:
சாக்கைத் தூக்கினேன், அடியில இன்னும் ஒரு அம்பது இருக்கும். எல்லாத்தையும் முருங்கை மரத்தடிக்கு மாத்தியாச்சு. அம்மா முறத்தைக் கழுவி வெச்சுட்டாங்க, மாமா மட்டும் இன்னும் டம்ளர்லதான் இருக்கு, தர மாட்டேங்குறான்.