தனியாக நன்றாக வாசிக்கிறோம், சேர்ந்தால் சந்தைக்கடை ஆகிறது. வாத்தியத்தை மாற்றவா, ஆளை மாற்றவா?

தக்கலை பாஸ்:

வணக்கம். தக்கலைப் பக்கம் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம், யாருக்கும் இது பிழைப்பு கிடையாது. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் வங்கியில் வேலை பார்க்கிறார், ரிதம் பேட் (எலக்ட்ரானிக் டிரம்) தட்டுகிற தம்பிக்கு மொபைல் கடை, கிட்டார் கல்லூரிப் பையன், பாடுகிற அக்கா நர்ஸ், நான் பாஸ் கிட்டார். ஊர்த் திருவிழா மேடை, டிசம்பரில் கேரல், எப்போதாவது ஒரு கல்யாண ரிசப்ஷன், அவ்வளவுதான் எங்கள் சங்கதி.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டு மாடியில் பிராக்டிஸ். ஒவ்வொருவரும் தனியாக வாசித்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சேர்ந்து வாசிக்க ஆரம்பித்து இரண்டாவது பாட்டு வருவதற்குள் ஆளாளுக்கு வால்யூமைக் கூட்டி, கடைசியில் அக்கா தொண்டை கட்டிப்போய் வெந்நீர் கேட்டு உட்கார்ந்துவிடுகிறார். போனில் ரெக்கார்ட் செய்து கேட்டால் பேட் சத்தமும் கீழே 'பூம்ம்' என்று ஒரு இரைச்சலும்தான், பாட்டின் வரி ஒன்றுகூடப் புரியவில்லை.

கீபோர்டு அண்ணன் சொல்வது, என் கீபோர்டு பழசு, புதுசு ஒன்றும், எல்லா மைக்கையும் வாத்தியத்தையும் சேர்க்கிற ஒரு பெரிய மிக்சரும் வாங்கினால் எல்லாம் சரியாகும், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுங்கள் என்று. கிட்டார் பையன், பேட் தம்பிக்குத் தாளம் முந்தி ஓடுகிறது என்கிறான். பேட் தம்பி, கீபோர்டுதான் பின்னால் இழுக்கிறது என்கிறான். என்னைக் கேட்டால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நீங்கள் எதை வைத்து ஒரு குழுவை நல்ல குழு என்று சொல்வீர்கள்? டிசம்பரில் மேடை ஒத்துக்கொண்டாகிவிட்டது.

நாகர்கோவில் கீஸ்:

பணத்தை வெளியே எடுக்காதீர்கள். சர்ச் பாடகர் குழுவுக்குப் பல வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் எழுதியதில் பாதிக் குற்றம் கீபோர்டு மேல்தான் இருக்கிறது, ஆனால் அது பழசானதால் வந்த குற்றம் இல்லை.

முதலில் ஒன்று பாருங்கள், அண்ணன் ஆட்டோ ஸ்டைலை, அதாவது கீபோர்டே தானாகப் போடுகிற தாளத்தை, ஓடவிட்டுக்கொண்டு வாசிக்கிறாரா? தனியாக வாசித்துப் பழகிய கீபோர்டுக்காரர் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும், எனக்கும் இருந்தது. கீபோர்டுக்குள் ஒரு டிரம்ஸ் ஓடும், வெளியே தம்பி பேடில் இன்னொன்று அடிப்பான். இரண்டும் முடிவரை ஒட்டிப் போவதற்கு வழியே இல்லை. இயந்திரம் இம்மி நகராது, மனுஷன் உணர்ச்சி வந்தால் நகருவான். தாளம் ஓடுகிறது, இழுக்கிறது என்ற சண்டை இதிலிருந்துதான் வரும். ஸ்டைலை அணைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 'பூம்ம்'. அது அண்ணனுடைய இடது கை. பாஸ் கிட்டாரின் அடித்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் பேசுகிறது, கீபோர்டில் இடது கையை அதே இடத்தில் அழுத்திப் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும், காங்கிரீட் அறையில் இன்னும் மோசம். நீங்கள் வாசிக்கும்போது அவர் இடது கையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே சொல்கிறேன். கிட்டார் பையனும் கீபோர்டும் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்களை) ஒரே இடத்தில் அடிக்கவும் வேண்டாம். ஒருவர் நீட்டிப் பிடித்தால் மற்றவர் வெட்டி வெட்டி அடிக்கட்டும்.

மூன்றாவது, ஸ்ருதி. அக்கா தொண்டை கட்டுவதற்கு வால்யூம் மட்டும் காரணமாக இருக்காது. நிறையக் குழுக்கள் கேசட்டில் எந்த ஸ்ருதியில் இருந்ததோ அதே ஸ்ருதியில்தான் பாடவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கின்றன. பாட்டில் உச்சத்துக்குப் போகிற வரியை மட்டும், பிராக்டிஸ் முடிந்து அவர் களைத்திருக்கிற நேரத்தில், வாத்தியம் இல்லாமல் பாடச் சொல்லுங்கள். எந்தக் கட்டையில் வலிக்காமல் வருகிறதோ அதுதான் உங்கள் ஸ்ருதி. 5 கட்டையிலிருந்து 4 கட்டைக்கு, அதாவது ஜியிலிருந்து எஃபுக்கு இறங்கவேண்டும் என்றால் கீபோர்டுக்கு ஒரு பட்டன், உங்களுக்குக் கிட்டார் கழுத்தில் இரண்டு ஃப்ரெட் (கட்டம்) பின்னால். கிட்டார் பையன்தான் முனகுவான். மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) மாட்டி டி கார்டு பிடித்தால் எஃப் வந்துவிடும் என்று சொல்லுங்கள்.

குடக்காரன்:

நான் வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவன். பகலில் வேறு வேலை. கீபோர்டு, பேட் எல்லாம் எனக்குத் தெரியாது, இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்.

கோவில் கொடைத் திருவிழாக் காலத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அடிப்போம். வில், அதைத் தட்டுகிற வீசுகோல், உடுக்கை, குடம், தாளம், கட்டை, இவ்வளவுதான். சத்தத்தில் குடத்தை ஜெயிக்க இதில் யாரும் இல்லை. குடத்தின் வாயில் பத்தியால் (குடம் அடிக்கிற மட்டை) ஒரு அடி விட்டால் பந்தலின் கடைசியில் இருக்கிறவருக்கும் 'கும்' என்று கேட்கும். அதனாலேயே குடக்காரனுக்கு முதலில் சொல்லித்தருவது அடக்கி அடிக்க. அண்ணாவி, அதாவது கதை பாடுகிற தலைவர், கதையை வசனமாகச் சொல்கிற இடத்தில் நான் பத்தியை மடியில் வைத்துவிட்டு விரலால் மட்டும் குடத்தைத் தொட்டுக்கொண்டிருப்பேன், தாளம் நிற்கவில்லை என்று கூட இருக்கிறவர்களுக்குத் தெரிந்தால் போதும். அவர் வசனத்தை முடித்துப் பாட்டுக்கு ஏறுகிறார் என்பது வீசுகோல் பிடித்த மணிக்கட்டு ஒரு அங்குலம் உயர்வதில் தெரிந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு ஆரம்பிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. எல்லாருடைய கண்ணும் அந்தக் கையில் இருக்கும்.

பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவதைக் கேட்டிருப்பீர்கள். பார்க்கிறவருக்கு அது சும்மா ஒத்து ஊதுவது மாதிரி இருக்கும். அந்த 'ஆமா' கொஞ்சம் முந்தினால் அண்ணாவியின் வரி அறுந்துபோகும், பிந்தினால் அவருக்கு அடுத்த வரிக்கு மூச்சு எடுக்க இடம் இருக்காது. நல்ல ஆமா போடுகிற ஆள் கிடைப்பது குரல் இருக்கிற ஆள் கிடைப்பதைவிடக் கஷ்டம் மக்கா.

சாமியாடிக்கு அருள் வருகிற நேரம் இன்னும் பார்க்கவேண்டும். கதை எங்கே நின்றாலும் சரி, அவர் காலைப் பார்த்துத்தான் வேகம் ஏறும், இறங்கும். நான் வேகமாக அடிப்பேன் என்று காட்ட அது இடம் இல்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். எல்லா வயரையும் கழற்றிவிட்டு, பாய் விரித்து அரைவட்டமாக உட்காருங்கள். பேட் தம்பி ஒரு மரப்பெட்டியையோ பிளாஸ்டிக் குடத்தையோ தட்டட்டும். அக்கா மைக் இல்லாமல் பாடட்டும். அவர் பாடுகிற வார்த்தை யாருக்குக் கேட்கவில்லையோ அவர்தான் கூடுதலாக அடிக்கிறார்.

குளச்சல் ஸ்ட்ரிங்ஸ்:

எல்லாரும் சாமான் முக்கியம் இல்லை என்கிற மாதிரியே பேசுகிறீர்கள், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கடலோரத்தில் குடியிருந்து பாருங்கள், தெரியும். புதுத் தந்தி போட்டுக் கொஞ்ச நாளிலேயே உப்புக்காற்றில் விரல்படும் இடமெல்லாம் துரு, பிறகு எவ்வளவு திருகினாலும் மேல் ஃப்ரெட்டில் ஸ்ருதி சேராது. ஸ்ருதி சேராத கிட்டாரை வைத்துக்கொண்டு ஒற்றுமை, கேட்கும் பழக்கம் என்று பேசி என்ன ஆகப்போகிறது. வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் தந்தியைத் துடைக்கவேண்டும், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடாமல் உறையில் வைக்கவேண்டும், கிளிப் டியூனர் ஒன்று வாங்கவேண்டும். சில நூறு ரூபாய்தான்.

இன்னொன்று. பழைய கீபோர்டு என்றால் அதன் டியூனிங் (ஏ ஸ்வரத்தின் அளவு) 440 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறதா என்று மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். யாராவது தெரியாமல் 442 என்று மாற்றி வைத்திருப்பார்கள், கிட்டார் டியூனரில் பச்சை விளக்கு எரிந்தும் சேர்ந்து வாசிக்கும்போது ஏதோ உறுத்தும்.

குலசேகரம் வலந்தலை:

குடக்காரன் அண்ணாச்சி சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, தாளம் ஓடுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாங்கள் சிங்காரி மேளம், கேரளத்துச் செண்டை அடிக்கிற குழு. செண்டையில் இடந்தலை, வலந்தலை என்று இரண்டு பக்கம் உண்டு. இடந்தலையில் கணீரென்று சத்தம் வரும், உருட்டி வாசிக்கிற வித்தையெல்லாம் அதில்தான். வலந்தலையில் தோல் கனம், அடிச்சத்தம். அதை அடிக்கிறவனும், ஜால்ரா மாதிரி இலத்தாளம் தட்டுகிறவனும் சேர்ந்துதான் மொத்த மேளத்தையும் பிடித்து நிறுத்துகிறார்கள். ஆனால் புதிதாக வருகிற பையன் ஒவ்வொருவனுக்கும் முன்வரிசையில் நின்று இடந்தலை உருட்டவேண்டும், வீடியோவில் வரவேண்டும். புளியங்கம்பு கொண்டு கல்லில் அடித்துப் பழகுகிற காலத்திலேயே பாதிப்பேர் ஓடிவிடுகிறார்கள். மிச்சம் இருக்கிறவர்களில் எவன் 'நான் வலந்தலை அடிக்கிறேன்' என்று வாயால் கேட்கிறானோ அவனை விட்டுவிடக் கூடாது.

உங்கள் குழுவில் வலந்தலை நீங்கள்தான். பாஸும் பேடும் மட்டும் தனியாக ஒரு நாள் உட்காருங்கள், மற்ற மூவரும் வரவேண்டாம். போனில் மெட்ரோனோம் (சீராகத் தட்டிக்கொண்டே இருக்கிற தாளக் கருவி) போட்டு, பாட்டின் வேகத்தைவிட நன்றாகக் குறைத்து வாசியுங்கள். மெதுவாக வாசிக்கும்போதுதான் யார் ஓடுகிறான் என்று தெரியும். மேளமும் போகப்போக வேகம் ஏறும், ஆனால் அது எல்லாரும் தெரிந்து ஏற்றுவது. தெரியாமல் ஏறினால் முடிவில் கை ஓய்ந்துபோகும்.

கேட்காததையும் சொல்கிறேன். கல்யாண ரிசப்ஷன் பணத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்? நான் பார்த்து உடைந்த குழுக்கள் தாளத்தால் உடையவில்லை. எங்களிடம் முதலில் வேன் வாடகை, அப்புறம் தோல் மாற்றுவதற்கு ஒரு பங்கு பொதுவில், மீதி எல்லாருக்கும் சமம். ஆசானுக்கும் அதே பங்குதான், செண்டை சொந்தமாக வைத்திருக்கிறவனுக்கும் அதே பங்குதான். முதல் மேடைக்கு முன்னால் பேசி முடித்துவிடுங்கள்.

மைக்செட்:

சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய மிக்சர் வாங்கவேண்டாம். திருவிழா மேடைக்கு வருகிற மைக்செட்காரரிடம் மிக்சர் இருக்கும். அந்தப் பணத்தில் கால் பங்குக்குப் பாடுகிறவருக்கு ஒரு நல்ல மைக்கும், அவர் குரல் அவருக்கே கேட்கிற மாதிரி ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கரும் வாங்குங்கள். தன் குரல் கேட்காதவர்தான் கத்திப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார். மானிட்டரை மைக்கின் முதுகுப்பக்கம் வையுங்கள், மைக்கின் வாய் ஸ்பீக்கரைப் பார்த்தால் ஊளையிடும். மாடி அறையில் பழைய மெத்தை இரண்டை எதிரெதிரே சாய்த்து வைத்தால் எதிரொலி பாதி அடங்கும்.

மேடைக்கு முந்தின நாளே எத்தனை மைக், எத்தனை லைன் என்று எழுதிக் கொடுங்கள். ஏறி நின்றபிறகு 'அண்ணே, இன்னொரு வயர் இருக்கா' என்று கேட்பவர்களால்தான் நிகழ்ச்சி பிந்தி, ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லும்போது பாதிப் பாட்டில் நிற்கவேண்டி வருகிறது. கோட்டாறு சவேரியார் திருவிழா நேரமே நம் பக்கம் வடகிழக்கு மழைதான், டிசம்பர் மேடை என்றால் பெட்டிகளை மூடத் தார்ப்பாய் கையோடு வைத்திருங்கள்.

தக்கலை பாஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வயரைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்து பார்த்தோம். ஸ்டைலை அணைத்ததும், இடது கையை எடுத்ததும் கீபோர்டு அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது, 'அப்போ நான் எதுக்கு' என்று ஒரு கேள்வி வேறு. ஆனால் ரெக்கார்டிங்கில் வரி கேட்கிறது. அக்கா ஒரு கட்டை குறைத்துப் பாடுகிறார். கிட்டார் பையன்தான் அதிகம் வாயைத் திறக்கவில்லை, அவன் தந்தியெல்லாம் துரு என்று கண்டுபிடித்துவிட்டோம். பணம் சமபங்கு என்று பேசியாகிவிட்டது.

இப்போது புதுப் பிரச்சினை. கீபோர்டு அண்ணனின் சித்தப்பா முன்பு ஊர்வல பேண்டில் டிரம்பெட் வாசித்தவர், அவரும் சேருகிறேன் என்கிறார். நல்ல மனுஷன், நல்ல ஊதலும்கூட. ஆனால் நாங்கள் சி என்று சொன்னால் அவர் ஊதுகிற சி வேறு எங்கேயோ இருக்கிறது. அவர் வாத்தியம் கெட்டுப்போயிருக்குமா?

நாகர்கோவில் கீஸ்:

கெடவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சாதாரண டிரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம். அதில் சி என்று விரல் வைத்து ஊதினால் கீபோர்டின் பி ஃப்ளாட்தான் கேட்கும். நீங்கள் சியில் வாசித்தால் அவர் டியில் ஊதவேண்டும், நீங்கள் எஃப் என்றால் அவருக்கு ஜி. எப்போதும் உங்களைவிட ஒரு முழு டோன், அதாவது உங்கள் கணக்கில் இரண்டு ஃப்ரெட், மேலே என்று சொன்னால் பழைய பேண்டுக்காரருக்கு உடனே விளங்கும். ஒருவேளை நாளைக்கு யாராவது ஆல்டோ சாக்ஸஃபோன் கொண்டுவந்தால் அது ஈ ஃப்ளாட், உங்கள் சிக்கு அதில் ஏ. அக்கா பாடுகிற வரிக்குள் டிரம்பெட் வேண்டாம், வரிக்கும் வரிக்கும் நடுவில் கொடுங்கள்.

குடக்காரன்:

சேர்ப்பதற்கு முன்னால் சித்தப்பாவிடம் ஒன்று கேளுங்கள். ஒரு முழுப் பாட்டுக்கு ஊதாமல் மேடையில் நிற்பாரா?

தக்கலை பாஸ்:

கேட்டேன். ஒரு பாட்டுக்கு என்ன, இரண்டு பாட்டுக்குக்கூட நிற்பாராம். ஆனால் மற்ற எல்லாப் பாட்டுக்கும் ஆரம்ப இசை அவருக்குத்தான் வேண்டுமாம். கீபோர்டு அண்ணனிடம் இதை யார் சொல்வது என்று இந்தச் சனிக்கிழமை சீட்டுக் குலுக்கப் போகிறோம்.