புதுப்பிப்பு: ஜெர்மன் பேச வாய் வராத பிரச்சினை, பி1 பேச்சுத் தேர்வு முடிந்தது

படிக்க, எழுத வருகிறது. எதிரில் ஆள் இருந்தால் ஜெர்மன் பேச வாய் வரவில்லை, கோதே நிறுவனம் நடத்தும் பி1 (இடைநிலை) ஜெர்மன் தேர்வுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தேறிவிட்டேன்.

உண்மையில் கைகொடுத்தது, 'செய்தியோடு கூடவே பேசு' என்ற யோசனைதான். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே மெதுவாக வாசிக்கும் செய்தியை எழுத்து வடிவத்தோடு தருகிறது. முதலில் அதைப் படித்துவிட்டு, அப்புறம் ஒலியை ஓடவிட்டு, வாசிப்பவருக்குச் சற்றே பின்னால் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவேன். 'வைல்' (ஏனென்றால்) என்று ஆரம்பித்தால் வினைச்சொல் கடைசிக்குப் போக வேண்டும். அதை யோசித்தே பாதியில் நின்றுகொண்டிருந்தேன். இப்போது அது தானாக வந்து விழுகிறது. கண்ணாடி முன் பேசும் யோசனை எனக்கு ஒத்துவரவில்லை.

எதிர்பாராதது ஒன்று: தனியாகப் பேசும் பகுதிக்குத்தான் பயந்தேன், அதுதான் சுலபமாக இருந்தது. பேச வேண்டிய விஷயத்துக்கு ஐந்து துணைத்தலைப்புகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள், முன்கூட்டித் தயாரிக்க 15 நிமிடமும் உண்டு. இன்னொரு தேர்வருடன் சேர்ந்து திட்டமிடும் பகுதியில்தான் தடுமாற்றம். அங்கே "வாஸ் மைனென் ஸீ?" (நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?) என்று கேட்டதும் அவர் பேச, எனக்கு மூச்சு வந்தது. இதைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள்.

தேற ஒவ்வொரு பகுதியிலும் 100க்கு 60 வேண்டும். பேச்சு மட்டும் போய்விட்டால் அந்த ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம்.