கினி பிக் எடை: வாராவாரம் நிறுத்துப் பார்ப்பவர்கள் சொல்வது

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தானில் கினி பிக் வளர்க்கும் மூவர் மாறி மாறி எழுதியது.

காரைக்குடி

கினி பிக் மெலிவது கண்ணுக்குத் தெரியாது. ரோமம் மறைத்துவிடும். தூக்கும்போது "என்ன, லேசா இருக்கே" என்று தோன்றும் நேரத்தில் 150 கிராம் போயிருக்கும். 900 கிராம் உடம்பில் 150 என்பது, 60 கிலோ ஆள் 10 கிலோ இளைத்த கணக்கு. அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் தராசு வேண்டும்.

அடுப்படியில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசே போதும், ஆனால் ஒவ்வொரு கிராமாகக் காட்ட வேண்டும். வெறும் தட்டில் வைத்தால் நிற்காது, குதித்துவிடும். சாயம் போடாத ஓலைக் கொட்டான் (கூடை) ஒன்றைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கிவிட்டு, அதற்குள் விடுங்கள். ஒரு கொத்தமல்லித் தண்டு போட்டால் எண் நிலைக்கும் வரை அசையாது. தண்டையும் சேர்த்தே முதலில் பூஜ்யமாக்கிவிட வேண்டும். கொட்டானின் விளிம்பையும் கடிக்கும், வாராவாரம் கொட்டானே இளைக்கும். அதனால் பழைய கொட்டான் எடையை மனக்கணக்காகக் கழிக்காதீர்கள்.

வாரம் ஒரு நாள், அதே நேரம், காலைக் கீரை வைப்பதற்கு முன். வயிறு நிறைந்திருப்பதும் சிறுநீர் போயிருப்பதும் எண்ணை மாற்றிவிடும். வளர்ந்த பெண் பெரும்பாலும் 700 முதல் 900 கிராம், ஆண் 900 முதல் 1200 கிராம். ஆனால் அடுத்த வீட்டுக் கினி பிக்கோடு ஒப்பிடாதீர்கள், அதன் சொந்தப் பழைய எடையோடுதான் ஒப்பிட வேண்டும். 30 கிராம் ஏற்ற இறக்கம் சாதாரணம். 50, 60 குறைந்தால் தினமும் நிறுங்கள். 85 கிராமைத் தாண்டிக் குறைந்தால் மறுவாரம் வரை காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் கொண்டுபோங்கள். வளரும் குட்டிக்குக் கணக்கு வேறு: எடை ஏறாமல் நின்றாலே கோளாறு.

தேவகோட்டை

காரைக்குடி ஆச்சி சொன்ன கணக்கோடு விரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலா மேல் லேசாகத் தடவும்போதே எலும்பு சீப்புப் பல் மாதிரி தட்டுப்பட்டால் மெலிவு. கொஞ்சம் அழுத்தினால் தெரிந்தால் சரியான உடம்பு. நன்றாக அழுத்தியும் தெரியாமல், தாடைக்குக் கீழே சதை தொங்கினால் கொழுப்பு.

நம் பக்கத்து வீடுகளில் கொழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அன்புதான். அப்பத்தா ஒரு விள்ளல் பணியாரம், பிள்ளைகள் ஒரு துண்டு தேன்குழல். சோறு, முறுக்கு, சோளம், கடலை எதுவுமே இதற்கு ஆகாது. மாவுச்சத்தும் எண்ணெயும் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கெடுக்கும், மீதி கொழுப்பாகும். கடையில் வரும் வண்ணக் கலவைத் தீவனமும் அப்படித்தான்: விதையைப் பொறுக்கித் தின்றுவிட்டுக் குச்சித் தீவனத்தை (பெல்லட்) ஒதுக்கும்.

சாப்பாட்டில் ஐந்தில் நாலு பங்கு புல். இதற்கு அளவே கிடையாது, இராத்திரியும் காலியாக விடக்கூடாது. குச்சித் தீவனம் ஒரு நாளைக்கு ஒரு கினி பிக்குக்கு அரைக்கால் கப், கிட்டத்தட்ட 2 மேசைக்கரண்டி. காய், கீரை சேர்த்து ஒரு கப். டிமோத்தி காய்ந்த புல் பாக்கெட்டில் வருகிறது, விலை கூடுதல். அதோடு அருகம்புல்லைச் சேர்க்கலாம். மருந்து அடிக்காத இடத்துப் புல்லாக இருக்க வேண்டும். அலசி, நிழலில் பரப்பி, தினம் இரண்டு தடவை புரட்டி, முறிக்கும்போது "சடக்"கென்று ஒடியும் வரை காயவிடுங்கள். ஈரம் மிஞ்சினால் உள்ளே பூசணம் பிடிக்கும், அந்த வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். வைக்கோல் படுக்கைக்கு ஆகும், தீனியாக நம்ப ஆகாது. குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினைக்கும் மட்டும், வளர்ந்ததற்குச் சுண்ணாம்புச்சத்து அதிகம்.

எடை குறைக்கிறோம் என்று ஒரு வேளைகூடப் பட்டினி போடாதீர்கள். கொழுத்த கினி பிக் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். குச்சித் தீவனத்தை மட்டும் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புல்லைக் கூட்டுங்கள்.

கானாடுகாத்தான்

தேவகோட்டை அண்ணே, கொழுப்பைவிட மெலிவுதான் சீக்கிரம் ஆளைச் சாய்க்கும். அதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வாயைப் பாருங்கள். பசியோடு கிண்ணத்துக்கு ஓடி வரும், துண்டை எடுக்கும், இரண்டு தடவை மெல்லும், கீழே போடும். மறுபடி எடுக்கும், போடும். தாடை ரோமம் நனைந்து திரிதிரியாக ஒட்டியிருக்கும். இது பசியின்மை இல்லை, பல். கினி பிக்குக்கு முன்பல் மட்டுமல்ல, கடைவாய்ப் பல்லும் ஆயுள் முழுக்க வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். தேயாவிட்டால் கீழ்க்கடைவாய்ப் பற்கள் உள்நோக்கிச் சாய்ந்து நாக்கின் மேல் பாலம் போட்டுவிடும், விழுங்க முடியாது. முன்பல்லை மட்டும் நகவெட்டியால் வெட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்று விடுவது தவறு. பல் பிளக்கும், உள்ளே இருக்கும் கோளாறு அப்படியே இருக்கும்.

அடுத்தது வைட்டமின் சி. மனிதனைப் போலவே இதன் உடம்பும் அதைத் தயாரிக்காது. குறைந்தால் மூட்டு வீங்கும், தொட்டால் கத்தும், நடக்காது, சாப்பிடாது. கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். பச்சைக் குடைமிளகாய் 25 கிராமில் சுமார் 20 மில்லிகிராம் கிடைக்கும். கொய்யாவில் 10 கிராமே அதற்குப் போதும், ஆனால் சர்க்கரை இருப்பதால் வாரத்தில் இரண்டு நாள் போதும். முருங்கைக்கீரையில் சத்து உண்டு, சுண்ணாம்பும் அதிகம். தினம் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் சேரும். எப்போதாவது ஒரு இணுக்கு போதும். வைட்டமின் மருந்தைத் தண்ணீரில் கலக்காதீர்கள், வெளிச்சத்தில் சீக்கிரம் வீணாகும், ருசி மாறினால் தண்ணீரே குடிக்காது. தீவனத்தில் சேர்த்த வைட்டமினும் நாளாக ஆகக் குறையும். தயாரிப்புத் தேதி தெரியாத உதிரித் தீவனம் வாங்க வேண்டாம்.

கூண்டில் இரண்டு இருந்தால் ஒன்று மற்றதைக் கிண்ணத்தை விட்டுத் தள்ளும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் இதுதான். இரண்டு கிண்ணம், இரண்டு புல் குவியல், நடுவில் மறைப்பு.

புழுக்கை சிறுத்து, குறைந்து, 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் குடல் நிற்கிறது என்று அர்த்தம். வயிறு பறை மாதிரி விறைத்திருந்தால் எதையும் ஊட்டாமல் உடனே டாக்டரிடம் போங்கள். விறைப்பு இல்லையென்றால் போகும் வரை குச்சித் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியாக்கி, ஆறியபின் 1 மி.லி. சிரிஞ்சில் ஊட்டலாம். மல்லாத்தக்கூடாது. முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, அரை மி.லி. விட்டு, மென்று விழுங்கிய பிறகு அடுத்தது. கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 80 மி.லி., அதை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நம்மூரில் மாடு, ஆடு பார்க்கும் டாக்டர்தான் பக்கத்தில் இருப்பார். கினி பிக் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பென்சிலின், அமாக்ஸிசிலின் வாய்வழி கொடுத்தால் குடல் நுண்ணுயிர் கெட்டு இறந்துவிடும். என்ன மருந்து தருகிறார் என்று கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம். தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, போனில் கேட்டுக்கொண்டு விடியற்காலையில் கிளம்புங்கள், வெயிலில் கொண்டுபோகாதீர்கள்.

காரைக்குடி

வெயில் என்றதும் ஒன்று. 27 டிகிரியைத் தாண்டினாலே இதற்குச் சிரமம், சித்திரையில் தீனி குறையும். முற்றத்து வெயில் எட்டாத உள்கட்டில் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு ஓரமாக வையுங்கள். ஆத்தங்குடிக் கல் தரை குளிர்ச்சிதான், ஆனால் வழுக்கும். கனத்த உடம்பு வெறும் தரையிலேயே கிடந்தால் உள்ளங்கால் புண்ணாகும். பாதித் தரையில் தடித்த துண்டு விரித்து, தினம் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். சக்கரமும் உருளும் பந்தும் வேண்டாம், முதுகெலும்புக்குக் கெடுதல்.

தேவகோட்டை

புதிதாக வாங்கிய பெண் வேகமாக எடை ஏறினால் தீனியைக் குறைக்காதீர்கள். கடையில் ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்திருக்கும். சினைக்காலம் 59 முதல் 72 நாள், அந்த நேரத்தில் பட்டினி விழுந்தால் தாயும் குட்டியும் போய்விடும். வயிறு மட்டும் இருபுறமும் உப்பி, விலா மெலிந்து, இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ரோமம் உதிர்ந்தால் அது சினை இல்லை, சினைப்பையில் வரும் நீர்க்கட்டியாக இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.