புதுப்பிப்பு: கார் கதவில் ஆரஞ்சுத் தோல்

கார் கதவில் அடித்த கிளியர் கோட் (நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாகக் காய்ந்துவிட்டதே, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அது பெரும்பாலும் சரியாகிவிட்டது. பூச்சு நன்றாக இறுகிய பிறகு, 1500 எண் வாட்டர் பேப்பரைச் (நனைத்துத் தேய்க்கும் நுண்ணிய உப்புத்தாள்) சோப்புநீரில் நனைத்து, கட்டையில் சுற்றி மெதுவாகத் தேய்த்தபோது, மேடுகள் மங்கி வெளுக்க, பள்ளங்கள் மட்டும் மினுமினுத்தன. அந்த மினுக்கம் மறைந்ததும் நிறுத்தி, இன்னும் நுண்ணிய 2000 எண் தாளுக்கும் பின்னர் காம்பவுண்டுக்கும் (மெருகேற்றும் பசை) மாறினேன். விளிம்புகளில் பூச்சு மெல்லியதாக இருக்கும் என்பதால், அங்கே டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

ஆரஞ்சுப் பழத்தோலில் குழிகளுக்கடியில் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பெயிண்டிலோ, துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமமாகப் பரவுமுன்பே தின்னர் ஆவியாகிவிடுவதுதான் குழிகளுக்குக் காரணம். கலவை கெட்டியாக இருந்தாலும், காற்றழுத்தம் குறைந்தாலும், ஸ்பிரே கன் தள்ளிப்போனாலும் இதே கதிதான். கைப்பிடியைச் சுற்றி இலேசான சொரசொரப்பு எஞ்சியுள்ளது. புதிய கார்களின் பெயிண்டிலேயே அவ்வளவு இருக்கும் என்பதால், அதை அப்படியே விட்டுவிட்டேன்.